மூன்று கவர் சங்கரா

24 மே 2023

கேளம்பாக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எம்.எஸ்சி. விலங்கியலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. தாம்பரத்தில் ஒரே ஒரு கல்லூரி. கிடைக்காவிட்டால் வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் அரசுப் பணி, தனியார், வியாபாரம், விவசாயம் எல்லாம் இருந்தன. மீன்பிடி இல்லை. 'இதர' என்பதை அமுக்கினேன்.

தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் இருக்கிறார். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வருடமா, கேட்டால் தானே சொல்லித் தரமாட்டாரா என்றார். "நீ சொல்லிக்குடுத்தா சர்டிபிகேட் யாருப்பா தருவா?" என்றேன். சிரித்துக்கொண்டார்.

27 ஜூன் 2023

நேர்காணல். ஹில்டா மேடம் என்று ஒரு பேராசிரியர். கண்ணாடிச் சீசாவில் ஊறிப்போன ஒரு மீனைத் தூக்கிக் காட்டி என்னவென்று கேட்டார். கிழங்கான் என்றேன். அறிவியல் பெயர் கேட்டார். தெரியவில்லை. பிறகு எப்படி இது கிழங்கான் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்றார். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டுக் குழம்பு இதுதான் மேடம் என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எங்கே உருப்படப் போகிறேன்.

3 ஜூலை 2023

கிடைத்துவிட்டது. பட்டியலில் பதினோராவது பெயர். அப்பா குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார். என்ன படிப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் "பெரிய படிப்பு" என்றாராம்.

18 ஆகஸ்ட் 2023

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர் வழியாகத் தாம்பரம். இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். வகுப்பில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கிறார்கள். எனக்குச் சந்தேகம் வருவதே வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான். பம்மலிலிருந்து வரும் கிறிஸ்டி என்பவள் மட்டும் நோட்டு தருகிறாள்.

6 டிசம்பர் 2023

புயல். படகுகளை ரோடு வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முடிச்சூரில் கிறிஸ்டியின் அத்தை மூன்று நாளாக மாடியை விட்டு இறங்கவில்லையாம். தேர்வைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.

29 ஜூலை 2024

இரண்டாம் வருடம். ஆய்வுக்கு ஹில்டா மேடம்தான் எனக்கு வழிகாட்டி. நானேதான் போய்க் கேட்டேன். கிழங்கான் பெண் என்று ஞாபகம் வைத்திருந்தார்.

தலைப்பு: சங்கரா மீனின் காதுக்கல். மீனின் தலைக்குள் அரிசி மாதிரி இரண்டு கல் இருக்கும். தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் தெரிவதுபோல வளையம் தெரியும். தீனி கிடைத்த காலத்தில் அகலமாக, கிடைக்காத காலத்தில் நெருக்கமாக. மூன்று இடத்து மீன்களை ஒப்பிட வேண்டும்: முட்டுக்காடு முகத்துவாரத்துக்கு எதிரே உள்ள மணல், நெம்மேலிக்கு எதிரே உள்ள சேறு, எங்கள் ஆட்கள் 'பாரு' என்று சொல்லும் கடலடிப் பாறை. மாதம் ஒருமுறை, இடத்துக்குப் பத்து மீன், ஆறு மாதம். மாதிரிக்கு எங்கே போவாய் என்று மேடம் கேட்டார். வீட்டிலேயே இருக்கிறது மேடம் என்றேன்.

10 ஆகஸ்ட் 2024

காலண்டர் தாளின் பின்பக்கம் கடற்கரையை வரைந்து, மூன்று இடத்திலும் புள்ளி வைத்து அப்பாவிடம் விளக்கினேன். அவரோடு தொழிலுக்குப் போகும் மோகன்ராஜ் சித்தப்பாவும் இருந்தார். அப்பா வாத்தியாரிடம் பாடம் கேட்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மஞ்சள் கவர் மணல், கறுப்புக் கவர் சேறு, வெள்ளைக் கவர் பாரு என்று மூன்று கவர் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

17 ஆகஸ்ட் 2024

முதல் மாதிரி. மூன்று கவரும் நிறைந்து வந்தன. ஒவ்வொன்றையும் தூக்கி "இது எங்கப்பா?" என்று கேட்டேன். "முட்டுக்காடு நேரா." "இது?" "நெம்மேலி நேரா." நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். அப்பாவுக்கு நான் எழுதுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

20 அக்டோபர் 2024

நேற்றோடு மூன்று மாத மாதிரி முடிந்தது. தொண்ணூறு தலை. கனவிலும் காதுக்கல்தான்.

18 ஜனவரி 2025

கடைசி மாதிரி. பொங்கல், அப்புறம் காற்று என்று அப்பா ஒரு வாரம் தள்ளிவிட்டார். அவசரம் புரியாமல் இப்படிச் செய்தால் எப்படி, இது விளையாட்டில்லை என்று கத்திவிட்டேன். இன்று போய் எடுத்து வந்தார். வந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டே படுத்துவிட்டார். வாயு என்றார்.

3 பிப்ரவரி 2025

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று இடத்துக்கும் வித்தியாசமே இல்லை. சேற்று மீனும் பாரு மீனும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கின்றன. அழுகை வந்துவிட்டது. ஹில்டா மேடம்தான், வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான், சேற்று மீன் சிறுத்திருக்கும் என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், ஏன் இல்லை என்று யோசித்து எழுது என்றார். நீரோட்டம், தீனி, மீன் கூட்டம் இடம் மாறுவது என்று இரண்டரைப் பக்கம் எழுதினேன். எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

11 பிப்ரவரி 2025

அப்பா போய்விட்டார்.

13 பிப்ரவரி 2025

கரையில் படகைத் தள்ளிவிட்டுத் திரும்பி நடந்து வந்தாராம். மணலில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே இல்லை. நான் அப்போது தாம்பரத்தில் காதுக்கல்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நாலு தடவை போன் வந்திருக்கிறது. சைலன்ட்டில் போட்டிருந்தேன்.

வாயு என்றால் வாயுதானா? விலங்கியல் படிக்கிறவள் நான். உடம்பைப் பற்றி ஐந்து வருடம் படித்தவள். ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்ட எனக்குத் தோன்றவில்லையே. கத்தத்தான் தெரிந்தது.

28 பிப்ரவரி 2025

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அம்மா நேற்றே கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றாள். நானும் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகிறேன்.

28 மார்ச் 2025

ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மின்னஞ்சல். மேடம் அனுப்பச் சொன்ன ஆய்வுச் சுருக்கத்தைப் படித்திருக்கிறார்கள். அந்த 'வித்தியாசமில்லை' முடிவு அவர்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. ஆய்வேட்டைப் பார்த்துவிட்டு, அந்த முடிவையே தொடர்ந்து ஆராய பிஎச்.டி. இடம் தருவார்களாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவரு கேட்டிருந்தா ஊர கூட்டியிருப்பாரு" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக அது நல்ல அழுகை.

6 ஏப்ரல் 2025

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாய்மொழித் தேர்வுக்காக மடிக்கணினியில் படங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோகன்ராஜ் சித்தப்பா வந்தார். வரைபடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி. அது என்ன என்று கேட்டார். அப்பா மீன் எடுத்த இடம் சித்தப்பா என்றேன். அப்பா போனபிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்று சிரித்தார்.

"இன்னாத்துக்கு அங்கல்லாம் போறோம்? எல்லாம் ஒரே எடந்தான் கண்ணு. நம்ம பாருதான்."

ஆறு மாதமுமா என்றேன். ஆறு மாதமும் என்றார். ஒரே இடத்தில் பிடித்துப் படகிலேயே மூன்று கவரிலும் பிரித்துப் போட்டார்களாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. "எங்க மீன் பட்டுதுன்னு கேட்டா அப்டித்தாம்மா சொல்றது. எவன் நெசத்த சொல்லுவான்?"

அது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். படகு கரையேறினால் மீன் எங்கே பட்டது என்று கேட்பார்கள். இவர்கள் வாய்க்கு வந்த திசையைச் சொல்வார்கள். கேட்டவனும் நம்பமாட்டான். சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி அது ஒரு பேச்சு. அந்தப் பேச்சை மாதம் தவறாமல் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான்.

7 ஏப்ரல் 2025

ஒரே இடத்து மீனை மூன்றாகப் பிரித்துவிட்டு, ஏன் மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறது என்று இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். நீரோட்டமாம். மண்ணாங்கட்டி.

அப்பா மேல் கோபம் வருகிறது. இல்லாத மனுஷன் மேல் கோபப்படலாமா? படுகிறேன். ஊரானுக்குச் சொல்லவேண்டாம். எனக்குமா? பையனாகப் பிறந்திருந்தால் பன்னிரண்டு வயதில் கூட்டிப்போய் மீன் படும் இடத்தைக் காட்டியிருப்பார். பெண், நாளைக்கு வேறு குப்பத்துக்கு வாழப்போகிறவள், அங்கே போய்ச் சொல்லிவிடுவாள். அதுதானே? அம்மாவைக் கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் தனக்கும் அந்த இடம் தெரியாது என்றாள். கேட்டதுமில்லையாம். அதில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. எனக்கு இருக்கே. எனக்கு மட்டும் ஏன்பா இவ்ளோ வலிக்குது?

8 ஏப்ரல் 2025

கிறிஸ்டியிடம் மட்டும் சொன்னேன். யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விடு என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். சித்தப்பாவும் அதையேதான் சொல்கிறார். பேப்பரில் எழுதியதை எவன் கடலில் வந்து பார்க்கப் போகிறான் என்கிறார்.

பார்க்கமாட்டார்கள்தான். ஆனால் அந்த நிலையத்தில் எனக்குத் தரும் இடமே இந்த முடிவுக்காக. இல்லாத ஒன்றைத் தேடி நானே ஐந்து வருடம் உழைக்க வேண்டும். தேடினால் கிடைக்காது. கிடைக்காதபோது இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அப்பா சொன்னது கரையில் சொல்லும் பேச்சு. நான் சொன்னால் அது பொய்.

ஆனால் சொல்லிவிட்டால்? என் அப்பா எனக்குப் பொய்யான இடம் சொன்னார் என்று மேடம் முன்னால் நின்று சொல்ல வேண்டும். மறுத்துப் பேச அவர் இல்லை. ஐம்பத்தாறு நாள்தான் ஆகிறது.

10 ஏப்ரல் 2025

சொல்லிவிட்டேன்.

ஹில்டா மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மீன்களைப் பார்த்தபோதே தனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தன் மேலும் தப்பு இருக்கிறது என்றார். அதை எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

புதிதாக மாதிரி எடுக்க வழியில்லை. 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்குகிறது. ஐந்து நாளில் ஆறு மாத மீன் வராது. ஒப்பீடு முழுவதையும் எடுத்துவிட்டு, ஒரே இடத்து மீனின் வயதும் வளர்ச்சியும் என்று சின்னதாக்கிக் கொடுக்கலாம் என்றார். பட்டம் கிடைக்கும், மதிப்பெண் குறையும், நிலையத்துக்கு நீயே எழுதிவிடு என்றார். உடனே எழுதினேன்.

14 ஏப்ரல் 2025

தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. துக்க வருடம்.

செய்முறை அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் எழுதவேண்டும். காலையிலிருந்து அதே ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி அழித்தேன். கடைசியில் நின்றது இது: சேகரித்தவர் அளித்த இடத் தகவல்கள் தவறானவை எனப் பின்னர் தெரியவந்தது.

சேகரித்தவர். அவ்வளவுதான் அப்பா.

15 ஏப்ரல் 2025

எல்லாப் படகும் கரையில்.

30 ஏப்ரல் 2025

ஆய்வேட்டை ஒப்படைத்தேன். எண்பத்தாறு பக்கம் நாற்பத்தொரு பக்கமாகிவிட்டது. நிலையத்திலிருந்தும் பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கிறிஸ்டி என் சார்பில் கோபப்பட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கம்தான் வருகிறது.

21 மே 2025

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுந்தரராமன் சார். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். இடம் தவறிப்போனதைப் பற்றிக் குடைவார் என்று பயந்துகொண்டே நின்றேன். அதை அவர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். பின்னிணைப்பில் மீன்களின் நீளம் போட்டிருந்த பட்டியலைத் திறந்து விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோனார்.

நூற்றெண்பது மீனில் ஒன்றுகூடச் சிறியது இல்லையே, எல்லாம் ஏற்றுமதி அளவாக இருக்கிறதே என்றார். தெரியவில்லை சார் என்றேன்.

அப்போது சொன்னார். "முப்பது வருஷமா மீன் கேட்டு வாங்கறேன்மா. ஆராய்ச்சிக்குன்னு சொன்னா கழிச்சுப் போட்டதைத்தான் கொடுப்பாங்க. நசுங்கினது, சின்னது, விலை போகாதது. ஆறு மாசம் விடாம பொறுக்கி எடுத்த மீனா யாரும் கொடுத்து நான் பாத்ததே இல்லை. யாரு இவரு?"

எங்க அப்பா சார் என்றேன். ஹில்டா மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

சாயந்திரம் நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஏன் மற்ற இரண்டு இடத்துக்கும் போகவில்லை என்று கேட்டேன். ஏப்ரலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு என் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

சித்தப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. நெம்மேலி சேறு பக்கத்தில்தான், ஒரு மணி நேரத்தில் போய் வந்திருக்கலாம், முதல் மாதம் போகவும் போனார்கள் என்றார். தூண்டிலில் பட்ட மீன் மெலிந்து நிறமில்லாமல் இருந்ததாம். அப்பா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடலிலேயே போட்டுவிட்டாராம். முட்டுக்காடு மணலிலும் அதே கதைதானாம். "இத எடுத்துகினு போயி டீச்சரம்மா முன்னாடி எம்பொண்ணு நிக்கணுமான்னான். படக பாருக்கு வுடுன்னான். ரெண்டு மணி நேரம் ஓட்டணும். சனவரில நான் வேணாம், ஒடம்பு சரியில்லன்னேன். கேக்கல."

சேற்று மீனின் மெலிவைத்தான், அப்பா, நான் தேடினேன். அதைத்தான் நீ கடலில் போட்டாய்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெலிந்த மீனும் வேண்டும் என்று சொல்லவேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? பெண்ணின் கல்லூரிக்கு மோசமான மீனைக் கொடுத்தனுப்பலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

27 ஜூன் 2025

தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். ஆய்வேட்டில்தான் மதிப்பெண் குறைவு, முதல் வகுப்பு மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. செவ்வாய்க்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்கிறேன். எட்டு மணி ஷிப்டு.

சுந்தரராமன் சார் ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். மீன்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று எழுத வேண்டும், சேகரித்தவரின் பெயரையும் போட வேண்டும். திருத்திய பக்கத்தைச் சேர்த்துத் தாம்பரத்தில் பைண்டிங் செய்து, கல்லூரிக்கு இரண்டு பிரதி கொடுத்துவிட்டு, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா மீன் விற்றுவிட்டு வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். அவரப் பத்தி எங்க கீது என்றாள். பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

'மாதிரிகளைச் சேகரித்தவர்: ரங்கன், மீனவர், கோவளம். கிடைத்தவற்றில் பெரிய, நல்ல மீன்களை மட்டுமே அவர் தேர்ந்தெடுத்தார். இதனால் இந்த ஆய்வின் முடிவுகள் மற்ற மீன்களுக்குப் பொருந்தா. சேகரித்தவர் ஆய்வாளரின் தந்தை.'

அம்மா இன்னொரு வாட்டி படி என்றாள். படித்தேன்.